புத்தக வைத்தியம்: சின்ன எழுத்தில் ஒரு பெயர்

(வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில், விக்டோரியா ராணி காலத்துக் குழந்தைப் படப்புத்தகங்களுக்கு வண்ணம் கொடுத்தவர் என்று லண்டன் அச்சுக்காரர் எட்மண்ட் எவன்ஸைப் பற்றி நான்கே வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் இந்த இதழ் முழுக்கப் பிடித்துக்கொண்டன. முதுகு கிழிந்தது, பூச்சி அரித்தது, பசைக் கறை என்று கேட்டிருப்பவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் லண்டனில் பழைய புத்தகங்களைச் செப்பனிடும் பட்டறை ஒன்றில் 22 வருடம் வேலை பார்த்தவள். ஓவிய விமர்சகி இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் காகிதமும் மையும் பசையும்தான்.

கேள்வி: என்னிடம் கேட் கிரீனவேயின் படப்புத்தகம் ஒன்று இருக்கிறது. தலைப்புப் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே, 'செதுக்கி அச்சிட்டவர் எட்மண்ட் எவன்ஸ்' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. வரைந்தவர் ஒருவர் என்றால் இவர் என்னதான் செய்தார்?

பதில்: உங்கள் புத்தகத்தில் உள்ள கோடுகளில் ஒன்றைக்கூட கிரீனவே கையால் போடவில்லை. அவர் காகிதத்தில் வாட்டர்கலரில் வரைந்து கொடுத்தார். அதை மரத்துக்கு மாற்றி, நிறத்துக்கு ஒரு கட்டையாகச் செதுக்கி, எந்த நிறம் முதலில் விழ வேண்டும், எது கடைசியில் என்று முடிவு செய்து, மை சேர்த்து, அச்சடித்துக் கொடுத்தது எவன்ஸும் அவர் பட்டறை ஆட்களும். பாட்டு எழுதியது கிரீனவே, பாடியது எவன்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எவன்ஸ் 1826-இல் லண்டன் சதர்க்கில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் ஓர் அச்சகத்தில் புரூஃப் வாசித்துக்காட்டும் பையனாகச் சேர்ந்தார். பாவம், அவருக்குத் திக்குவாய். வாசிக்கிற வேலைக்குத் திக்குவாய்ப் பையன் எப்படிச் சரிப்படுவான்? எடுபிடியாக மாற்றிவிட்டார்கள். காலை ஏழு மணிக்கு வந்தால் ராத்திரி பத்து மணி வரைக்கும் வேலை. நடுவில் சிலேட்டில் ஏதோ படம் கீறிக்கொண்டிருந்ததை முதலாளி பார்த்திருக்கிறார். திட்டாமல், 1840-இல் எபனீசர் லாண்டெல்ஸ் என்ற மரச்செதுக்குக்காரரிடம் தொழில் பழக அனுப்பிவைத்தார். எனக்கு அந்த முதலாளிமேல் தனி மரியாதை உண்டு.

லாண்டெல்ஸ் பட்டறையில் எவன்ஸுக்கு இரண்டு சிநேகிதர்கள் கிடைத்தார்கள். ஒருவர் பிற்பாடு இயற்கைக் காட்சி ஓவியத்தில் பேர் வாங்கிய பர்க்கெட் ஃபாஸ்டர். இன்னொருவர் ஜான் கிரீனவே. ஆமாம், உங்கள் கேட் கிரீனவேயின் அப்பா, அவரும் மரச்செதுக்குக்காரர்தான். மகள் வளர்ந்து படம் வரையத் தொடங்கியபோது எவன்ஸிடம் அறிமுகமானது அப்பா மூலமாகத்தான். உங்கள் தலைப்புப் பக்கத்தில் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதற்கு, ஒரே பட்டறையில் பையன்களாக மரத்தூள் தின்ற அந்த உறவு ஒரு காரணம்.

1847-இல் எவன்ஸ் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். கொஞ்ச காலத்தில் ஃபிளீட் தெருவை ஒட்டிய ராக்கெட் கோர்ட் என்ற சந்தில் அச்சகம் வைத்தார். ஆரம்பத்தில் சோறு போட்டது மலிவு நாவல்களின் அட்டைகள். ரயில் நிலையங்களில் விற்கிற சரக்கு. வெள்ளைத் தாளில் அட்டை போட்டால் நாலு கை மாறுவதற்குள் அழுக்காகிவிடுகிறது என்று மஞ்சள் பூச்சுத் தாளில் அச்சடிக்க ஆரம்பித்தார். அந்த ரகப் புத்தகத்துக்கே 'மஞ்சள் அட்டை' என்று பேர் வந்துவிட்டது. அழுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகப் பிறந்த நிறம்!

கேள்வி: மரக்கட்டையில் செதுக்கினால் கறுப்பு ஒரு நிறம் வரும், சரி. கன்னத்தில் மெல்லிய சிவப்பு, புல்லில் இரண்டு மூன்று வகைப் பச்சை எல்லாம் எப்படி வந்தது? கையால் வண்ணம் தீட்டினார்களா?

பதில்: கையால் தீட்டிய காலமும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேசையைச் சுற்றிப் பிள்ளைகளை உட்கார வைத்து, ஒரு பிள்ளைக்குச் சிவப்பு, அடுத்த பிள்ளைக்கு நீலம் என்று கொடுத்துவிடுவார்கள். தாள் கைமாறிக்கொண்டே போகும். முதல் பிள்ளை தொப்பிக்குச் சிவப்பு வைத்தால், அடுத்த பிள்ளை சட்டைக்கு நீலம். அப்படி வந்த புத்தகங்களைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன். சிவப்பு தொப்பியைத் தாண்டி வானத்தில் ஏறியிருக்கும்.

எவன்ஸ் செய்தது வேறு. முதலில் மரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது பாக்ஸ் மரம். மஞ்சளாக, தந்தம் மாதிரி வழவழப்பாக இருக்கும். பலகையாக நெடுக்கில் அறுக்க மாட்டார்கள். வெள்ளரிக்காயை நறுக்குகிற மாதிரி குறுக்கே அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் செதுக்குவார்கள். நெடுக்குப் பலகையில் நார் ஒரு பக்கமாக ஓடும், நுண்ணிய கோடு சிலும்பிவிடும். வெட்டுமுகத்தில் எந்தத் திசையில் உளியைத் தள்ளினாலும் கோடு சுத்தமாக விழும். நியூகாசிலைச் சேர்ந்த தாமஸ் பியூக் 1790-களிலேயே இந்த முறையில் பறவைகளையும் விலங்குகளையும் செதுக்கி, இது எவ்வளவு தூரம் போகும் என்று காட்டிவிட்டார். பாக்ஸ் மரம் தடிமனாக வளராது. பெரிய படம் வேண்டுமென்றால் சின்னச் சின்னக் கட்டைகளை முடுக்கிச் சேர்க்க வேண்டியதுதான்.

அப்புறம் வேலை. படத்தை போட்டோ எடுத்து நேரடியாக மரத்தின்மேல் இறக்குவார்கள். (அதற்கு முன்பெல்லாம் ஓவியர் மரத்தின்மேலேயே இடவலம் மாற்றி வரைய வேண்டும். செதுக்கி முடித்ததும் அவர் வரைந்தது காணாமல் போய்விடும். எத்தனை நல்ல சித்திரங்கள் அப்படித் தூளாகப் போயின!) வெளிக்கோடுகள் உள்ள முதல் கட்டையைச் செதுக்கி, புரூஃப் போட்டு ஓவியரிடம் கொடுப்பார்கள். அவர் அதில் வண்ணம் தீட்டித் திருப்பித் தருவார். எவன்ஸ் உட்கார்ந்து கணக்குப் போடுவார்: இதை எத்தனை கட்டையில் முடிக்கலாம்? கட்டை ஒவ்வொன்றும் காசு.

கட்டைகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமே, அதற்கு ஒரு தந்திரம். முதல் கட்டையிலிருந்து ஈரம் காயாத அச்சு ஒன்றை எடுத்து, வெறும் கட்டைகளின்மேல் ஒவ்வொன்றாக அழுத்தி எடுப்பார்கள். எல்லாக் கட்டையிலும் அதே வெளிக்கோடு பதிந்துவிடும். அதைப் பார்த்துப் பார்த்து இந்தக் கட்டையில் சிவப்பு மட்டும், அந்தக் கட்டையில் நீலம் மட்டும் என்று செதுக்குவார்கள். கிரீனவேயின் முதல் புத்தகமான 'அண்டர் தி விண்டோ'வுக்குக் கோட்டுக் கட்டை போக சிவப்பு, தோல் நிறம், நீலம், மஞ்சள் என்று தனித்தனிக் கட்டைகள் செய்ததாக எவன்ஸே தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது உங்கள் கன்னத்துச் சிவப்புக்கு வருகிறேன். ஒரு கட்டையால் இளஞ்சிவப்பையும் கருஞ்சிவப்பையும் சேர்ந்தாற்போல் அடிக்க முடியாது. ரோலர் எல்லா இடத்திலும் ஒரே மையைத்தான் தடவும். ஆகவே மெல்லிய சிவப்பு வேண்டிய இடத்தில் கட்டையை மெல்லிய கோடுகளாகச் சீவிவிடுவார்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே தாளின் வெண்மை தெரியும். தள்ளிவைத்துப் பார்த்தால் கண் இரண்டையும் கலந்து ரோஜா நிறமாக எடுத்துக்கொள்ளும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்றை வைத்து அந்தக் கன்னத்தைப் பாருங்கள். தோல் நிறப் பூச்சின்மேல், தலைமுடியைவிட மெல்லிய சிவப்புக் கோடுகள் பத்துப் பதினைந்து, கன்னத்தின் வளைவை ஒட்டி வளைந்து போகும். கன்னம் முடிகிற இடத்தில் ஒவ்வொரு கோடும் மெலிந்து, ஊசிமுனையாகி, நின்றுவிடும். உளியை அந்த இடத்தில் கொஞ்சம் ஆழமாகத் தள்ளியிருக்கிறார்கள், அவ்வளவுதான். புல்லையும் பாருங்கள். பச்சை மை இருக்காது. மஞ்சள் பூச்சின்மேல் நீலக் கோடுகள் ஓடும். கோடு நெருங்கினால் கரும்பச்சை, விலகினால் இளம்பச்சை. மூன்று வகைப் பச்சை உங்களுக்குக் கிடைத்தது இப்படித்தான்.

ஒரு குளிர்காலத்தில் நானும் ஆசைப்பட்டு ஒரு துண்டு பாக்ஸ் மரம் வாங்கிச் செதுக்கிப் பார்த்தேன். உளியின் பிடி பாதிக் காளான் மாதிரி இருக்கும், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மணல் அடைத்த தோல் திண்டின்மேல் கட்டையை வைக்க வேண்டும். வளைவுக் கோடு வேண்டுமென்றால் உளி அசையக்கூடாது, இடது கை கட்டையைத்தான் திருப்ப வேண்டும். இது தெரியாமல் உளியைத் திருப்பினேன். வழுக்கி நேராக இடது கட்டைவிரலில் ஏறியது. தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தக் காலத்தில் விளக்குக்கு முன்னால் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையை வைத்து, வெளிச்சத்தைக் கட்டைமேல் குவித்துக்கொண்டு ராத்திரியிலும் செதுக்கினார்கள். எனக்கு மின்விளக்கு இருந்தும் அரை மணிநேரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கேள்வி: இந்தப் புத்தகங்களை 'டாய் புக்' என்கிறார்களே, கூடவே பொம்மை கொடுத்தார்களா?

பதில்: இல்லை. காகித அட்டை போட்ட மெல்லிய படப்புத்தகத்துக்கு வியாபாரிகள் வைத்த பேர் அது. சில பக்கங்கள், விலை ஆறு பென்ஸ் அல்லது ஒரு ஷில்லிங். கையில் கொடுத்தால் குழந்தை சும்மா இருக்கும் என்ற அளவில் பொம்மைதான்.

கேள்வி: வால்டர் கிரேன், ராண்டால்ஃப் கால்டிகாட், கேட் கிரீனவே. எவன்ஸ் கூட்டிய இந்த மூவரில் உங்கள் ஓட்டு யாருக்கு? நழுவாமல் சொல்லுங்கள்.

பதில்: கால்டிகாட்டுக்கு. யோசிக்கவே மாட்டேன்.

கிரேன் கெட்டிக்காரர். மரச்செதுக்குப் பட்டறையில் மூன்று வருடம் தொழில் பழகியவர் என்பதால், எந்தக் கோடு மரத்தில் நிற்கும், எது நிற்காது என்பது அவர் கைக்கே தெரியும். 1865 முதல் பத்து வருடத்துக்குமேல் எவன்ஸுக்காக ஆறு பென்ஸ் புத்தகங்கள் செய்தார். ஆரம்பத்தில் கறுப்புக் கோடும் சிவப்பும் நீலமுமாகக் கொஞ்சம் பஞ்சமாக இருக்கும். பிறகு ஜப்பானிய மர அச்சுப் படங்கள் சில கைக்கு வந்தன. அதற்கப்புறம் பாருங்கள், தடித்த கறுப்புக் கோடு, தட்டையான வண்ணம், மூலை முடுக்கெல்லாம் அலங்காரம்! ஒரு ஓரத்தில் கையெழுத்துக்குப் பதிலாகச் சின்னக் கொக்கு ஒன்று நிற்கும். கிரேன் என்றால் கொக்குதானே. நாற்காலி, விரிப்பு, பூந்தொட்டி என்று வீடே கண்காட்சி மாதிரி இருக்கும். ஆனால் அந்த வீட்டில் குழந்தை ஓடி விளையாட முடியாது, எதையாவது உடைத்துவிடும்.

இருந்தாலும் துணிச்சல்காரர். 1877-இல் 'தி பேபிஸ் ஆப்பரா' வந்தபோது, ஐந்து ஷில்லிங் விலை, அட்டையில் பொன்னெழுத்துகூட இல்லை, இது எங்கே விற்கும் என்று வியாபாரிகள் தலையை ஆட்டினார்கள். முதலில் அடித்த 10,000 பிரதியும் போய், மேலே மேலே அடிக்க வேண்டியதாயிற்று.

கிரீனவே கதை இன்னும் வேடிக்கை. 1879-இல் அவர் புத்தகத்துக்கு எவன்ஸ் 20,000 பிரதி அடித்தார். ஆறு ஷில்லிங் விலையில், பேர் தெரியாத ஒரு பெண்ணின் முதல் புத்தகத்துக்கு இருபதாயிரமா என்று பதிப்பாளர் ரட்லெட்ஜ் சிரித்தார். மறுபதிப்பு வருவதற்குள் இருக்கிற பிரதிகளைக் கூடுதல் விலைக்கு விற்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் கணக்கு 70,000-ஐத் தொட்டது. அந்த ஆறு ஷில்லிங்குக்குக் கிடைப்பது என்ன என்றால், மடிப்புக் கலையாத கவுன், பெரிய குல்லா, சண்டையே போடாத பிள்ளைகள். அழகுதான். பத்துப் பக்கத்துக்குமேல் எனக்குத் தூக்கம் வருகிறது. கிரீனவே பிரியர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது, நழுவாமல் சொல்லச் சொன்னது அந்த வாசகர்.

கால்டிகாட் வங்கிக் குமாஸ்தா. வேலையை விட்டுவிட்டு வரைய வந்தவர். 1878 முதல் 1885 வரை வருடத்துக்கு இரண்டு, மொத்தம் 16 புத்தகம், ஒவ்வொன்றும் ஒரு ஷில்லிங். எவன்ஸோடு செய்துகொண்ட ஏற்பாடு ரொம்ப நேர்மையானது: செதுக்குச் செலவும் அச்சுச் செலவும் எவன்ஸுடையது, விற்றால் கால்டிகாட்டுக்குப் பிரதிக்கு இவ்வளவு, விற்காவிட்டால் ஒன்றும் கிடையாது. தன் படங்களை மொத்த விலைக்கு விற்றுவிட்டு, பிற்பாடு எத்தனை பதிப்பு வந்தாலும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கிரேனைவிட இவருக்கு வியாபாரம் தெரிந்திருந்தது. வங்கியில் உட்கார்ந்தது வீண் போகவில்லை.

கால்டிகாட் படம் போட்ட பழைய வேடிக்கைப் பாட்டு ஒன்றின் நாயகன் ஜான் கில்ப்பின். அவரைச் சுமந்துகொண்டு குதிரை கட்டுக்கடங்காமல் ஓடுகிற பக்கத்தை எடுத்துப் பாருங்கள். தொப்பியும் விக்கும் பறந்துபோய் மொட்டைத்தலையாக, குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு போகிறார். வாத்துகள் சிதறுகின்றன, நாய்கள் துரத்துகின்றன. சுற்றிலும் வெறும் தாளை நிறைய விட்டிருக்கிறார். அந்த வெறும் தாளில்தான் அத்தனை வேகமும். கோடுகள் கறுப்பாக இருந்திருந்தால் அந்த லேசுத்தன்மை வந்திருக்காது. பழுப்பு மையில் அடித்திருக்கிறார்கள். கால்டிகாட் பேனாவில் அரை நொடியில் கிழித்த கோட்டை, செதுக்குக்காரர் இரண்டு பக்கமும் மரத்தைச் சீவிச் சீவி, அரை மணிநேரம் எடுத்துச் செய்திருப்பார். பார்த்தால் அரை நொடிக் கோடாகவே இருக்கிறது. 22 வருடத்தில் நான் அதிகம் வியந்தது இதைப் பார்த்துத்தான்.

அவர் 1886-இல் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் இறந்தபோது வயது 39. அங்கே சிறந்த குழந்தைப் படப்புத்தகத்துக்கு 1938 முதல் வருடா வருடம் கொடுக்கிற பதக்கத்துக்கு அவர் பெயர்தான். பதக்கத்தில் ஓடுவதும் அதே கில்ப்பின், அதே குதிரை, அதே வாத்துகள்.

கேள்வி: இணையத்தில் ஒரு கால்டிகாட் புத்தகம் விலைக்கு வருகிறது. அசல் மர அச்சா, பிற்கால நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பதிப்பாளர் பெயரை மட்டும் நம்பாதீர்கள். நான் நம்பி அவமானப்பட்டிருக்கிறேன். பட்டறையில் சேர்ந்த புதிதில் ஒருவர் பொட்டலம் பிரித்துக் காட்டினார். தலைப்புப் பக்கத்தில் ரட்லெட்ஜ் பெயர், பழுத்த தாள், அசல்தான் என்று வாய் திறந்துவிட்டேன். மூத்தவர் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் லூப்பை என் பக்கம் நகர்த்தினார். பார்த்தால் படம் முழுக்கப் பூப்பூவாகப் புள்ளிகள். பழைய தலைப்புப் பக்கத்தையும் சேர்த்து அப்படியே போட்டோ எடுத்து ஆஃப்செட்டில் அடித்த நகல். வந்தவர் நல்ல தொகை கொடுத்து வாங்கியிருந்தார். அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே விற்பவரிடம் முகம் அல்லது புல் உள்ள இடத்தை நன்றாகக் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் இருந்தால் போட்டோ முறை. மணல் தூவியது போல ஒழுங்கில்லாத புள்ளிகள் இருந்தால் கல்லச்சு, அதாவது லித்தோ. சீரான வண்ணக் கோடுகள் இருந்தால் மரம். கோட்டின் ஓரத்தில் மை கொஞ்சம் பிதுங்கிக் கரை கட்டி நிற்பதும் நல்ல அடையாளம், அழுத்தி அடித்ததால் வருவது. சில தாள்களில் பின்பக்கத்தை விரலால் தடவினாலே மேடு தெரியும். எங்காவது சிவப்பு உதட்டை விட்டு ஒரு மயிரிழை விலகியிருந்தால் கவலைப்படாதீர்கள். ரெஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, விலகாத கட்டை அச்சு அபூர்வம்.

அசல் கட்டையில் அடித்ததிலும் முன்பின் உண்டு. கால்டிகாட், கிரீனவே புத்தகங்கள் பிற்பாடு ஃபிரெடரிக் வார்ன் கம்பெனிக்குக் கைமாறின. வார்ன் பெயர் இருந்தால் பிந்தைய பதிப்பு. வருடத்தைத் தேடிக் களைத்துப்போக வேண்டாம், பலவற்றில் வருடமே போட மாட்டார்கள்.

கேள்வி: எவன்ஸ் தோற்றதே இல்லையா?

பதில்: ஆலிஸ் என்ற சிறுமியின் அற்புத உலகக் கதையை எழுதிய லூயிஸ் கரோலிடம் மாட்டிக்கொண்டார். ஆலிஸ் கதையைச் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்காகச் சுருக்கி, அதற்குப் படம் வரைந்த ஜான் டெனியலின் 20 படங்களைப் பெரிதாக்கி வண்ணத்தில் போடுவதாக ஏற்பாடு. 'தி நர்சரி ஆலிஸ்' என்று பேர். 1889-இல் எவன்ஸ் 10,000 பிரதிக்கான தாள்களை அடித்து முடித்தார். கரோல் பார்த்துவிட்டு, வண்ணம் கண்ணைப் பறிக்கிறது, இதை நான் வெளியிட மாட்டேன் என்றுவிட்டார். பத்தாயிரமும்! மறுபடி அடங்கிய வண்ணத்தில் அடித்து 1890-இல்தான் புத்தகம் வந்தது. எவன்ஸ் பக்கம் நியாயம் இருந்ததா என்றால், அந்தப் பத்தாயிரத்தில் ஒன்றை நான் பார்த்ததில்லை, தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் ஆலிஸையும் 1865-இல், அச்சு சரியில்லை என்று டெனியல் சொன்னதற்காகக் கரோல் திரும்பப் பெற்றவர் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அது வேறு அச்சகம். இந்த மாதிரி வாடிக்கையாளர் எல்லாப் பட்டறைக்கும் ஒருவர் வாய்ப்பார்.

கேள்வி: அந்தக் கட்டைகளெல்லாம் என்ன ஆயின?

பதில்: பழைய கட்டையை மழமழவென்று தேய்த்துவிட்டு வேறு படம் செதுக்குவதும் உண்டு. தப்பித்ததில் பெரிய அதிர்ஷ்டம் அடித்தது ஆலிஸ் கட்டைகளுக்கு. டால்சியல் சகோதரர்கள் செதுக்கியவை. 1985-இல் லண்டனில் ஒரு வங்கியின் பெட்டக அறையில் கிடைத்தன. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. நூறு வருடத்துக்குமேல் ஆகியும் கூர் மழுங்கவில்லை. காரணம், ஆயிரக்கணக்கில் அடிக்கும்போது அசல் மரத்தை இயந்திரத்தில் ஏற்ற மாட்டார்கள். அதிலிருந்து செம்பில் நகல் எடுத்து, அதை வைத்துத்தான் அடிப்பார்கள். எலக்ட்ரோடைப் என்று பேர்.

கேள்வி: இவ்வளவு நன்றாக இருந்த கலை ஏன் நின்றது?

பதில்: போட்டோவால். எந்த போட்டோ படத்தை மரத்தில் இறக்கக் கைகொடுத்ததோ, அதுவே மரத்தைத் தேவையில்லாமல் ஆக்கிவிட்டது. கண்ணாடித் திரை வழியாகப் படம் எடுத்து, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்றே உலோகப் பிளாக்குகளில் எல்லா நிறத்தையும் புள்ளிகளாகப் பிரித்துவிடலாம். செதுக்குக்காரர் வேண்டாம்.

1892-இல் எவன்ஸ் தொழிலை மகன்களிடம் விட்டுவிட்டு ஐல் ஆஃப் வைட் தீவில் வென்ட்னர் என்ற ஊருக்குப் போய்விட்டார். 1902-இல் பியாட்ரிக்ஸ் பாட்டரின் பீட்டர் முயல் புத்தகம் வந்ததே, அதை அச்சடித்தது எவன்ஸ் அச்சகம்தான். ஆனால் மரத்தில் இல்லை, அந்த மூன்று வண்ணப் பிளாக்கில். முயலின் நீலச் சட்டையை லூப்பில் பார்த்தால் கோடு கிடையாது, புள்ளிதான். மகன்கள் செய்ததில் தப்பில்லை. பாட்டரின் வாட்டர்கலர் அதில் அழகாகவே வந்திருக்கிறது. எவன்ஸ் 1905-இல் இறந்தார். அந்த முயலை அவர் லூப் வைத்துப் பார்த்திருப்பாரா, என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். எனக்கும் இந்த மாதிரி இரண்டு கலரில் ஒரு படம் செதுக்கி அச்சடிக்க ஆசை. எங்கே ஆரம்பிப்பது ஆன்ட்டி?

பதில்: பாக்ஸ் மரத்தில் ஆரம்பிக்காதே கண்ணு, அது விலையும் அதிகம், விரலும் போகும். லினோலியம் துண்டு ஒரே அளவில் இரண்டு எடுத்துக்கொள். படம் சின்னதாக, தீப்பெட்டி இரண்டு சேர்த்த அளவு போதும். ஒன்றில் வெளிக்கோட்டை மட்டும் செதுக்கு. மை தடவி ஒரு வழவழப்பான தாளில் அச்செடுத்து, மை காய்வதற்குள் இரண்டாவது துண்டின்மேல் கவிழ்த்து அழுத்து. எவன்ஸ் செய்த அதே வேலைதான். இப்போது இரண்டாவதில் வண்ணம் வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மிச்சத்தைச் செதுக்கி எடுத்துவிடு. அடிக்கும்போது வண்ணக் கட்டை முதலில், கோட்டுக் கட்டை கடைசியில். ஒரு அட்டையில் எல் வடிவில் மூலை ஒட்டி வைத்துக்கொண்டு, கட்டையையும் தாளையும் எப்போதும் அந்த மூலையில் முட்டவை. இல்லாவிட்டால் உன் பூனைக்கு மூக்கு ஒரு இடத்தில், மூக்கின் நிறம் ஒரு இடத்தில் இருக்கும். இடது கையை எப்போதும் உளிக்குப் பின்னால் வை, முன்னால் வைக்காதே.

அச்சடித்ததில் ஒன்றை எனக்கு அனுப்பு. உன் பெயரைச் செதுக்கினால் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிச் செதுக்க வேண்டும். முதல் தடவை மறந்துவிடுவாய், பரவாயில்லை. என்னுடையதிலும் பெயர் தலைகீழாகத்தான் இருக்கிறது.